மாலை போடாத ஒரு படம்

ராசன் அண்ணை காலமான செய்தியை எனக்கு முதலில் சொன்னவள் ஹலீனா. அன்று செவ்வாய்க்கிழமை. வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். ஹலீனா உக்ரைனில் ஒரு சிறிய ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள். எதையும் சுற்றிவளைக்கத் தெரியாது. "சுகந்தி, ராசன் காலை ஆறே முக்காலுக்குப் போனார். வசந்தி பக்கத்தில் இருந்தார். நானும் இருந்தேன். வலி இருக்கவில்லை" என்று நோர்வேஜிய மொழியில் நாலே நாலு வசனம். வசந்தி அக்கா அண்ணையின் மனைவி. அவள் வைத்த பிறகும் நான் தொலைபேசிக்குள் "ஓம், ஓம்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த தரிப்பில் இறங்கி, மேடையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒரு வயதான நோர்வேஜியர் ஒரு கடதாசிக் கைக்குட்டையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒஸ்லோவில் கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவீடு என்று எதையாவது செய்தவர்களுக்கு 'சோடனை ராசன்' யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிழமை நாட்களில் வைத்தியசாலையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. சனி, ஞாயிறுகளில் மணவறை கட்டுவார். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையில் தூண் செதுக்கி, பொன்னிறம் பூசி, துணிப்பூ ஒட்டி அவர் நிமிர்த்திவிட்டால், பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபமும் கோயில் மாதிரி ஆகிவிடும். யாராவது செத்தால் பெரிதாக்கிய படத்துக்குச் சட்டம் போட்டு, மாலை சாத்தி, விளக்கு வைத்துக் கொடுப்பதும் அவர்தான். ஆனால் கடைசி மூன்று வருடமும் வியாழக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லும்போது என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டிவரும்.

நான் மனநலத் தாதி. போர் தொடங்கி உக்ரைனியப் பெண்கள் எங்கள் பகுதிக்கு வந்து சேர்ந்தபோது, ரொம்மனில் உள்ள பொது மண்டபத்தில் அவர்களுக்காக ஒரு வரைதல் குழு தொடங்கினேன். கலை மூலம் மனதை ஆற்றுவது பற்றி ஒரு வருடப் படிப்பும் படித்திருந்தேன். அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது. நல்ல கடதாசி, நல்ல நிறக்கட்டிகள், மெல்லிய இசை எல்லாம் வைத்து, "உங்கள் மனதில் இருப்பதை வரையுங்கள்" என்றேன். எட்டுப் பெண்களும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஆளுக்கொரு சூரியகாந்தி வரைந்தார்கள். அடுத்த வியாழனும் சூரியகாந்தி. மூன்றாவது வியாழன் ஹலீனா வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "இன்றைக்கும் அதே பூவா?" என்று கேட்டாள்.

மண்டபத்து மேடைத்திரையைத் திருத்த வந்திருந்த ராசன் அண்ணை ஏணியில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறார். இறங்கி வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சுகந்தி, நீர் அவையளுக்குச் சோதினை வைச்சிருக்கிறீர்."

"சோதினை இல்லை அண்ணை, இது தெரபி."

"உள்ளுக்கை கிடக்கிறதைக் கீறிக் காட்டச் சொன்னா ஆர் கீறுவினம்? நீர் கீறுவீரோ? சனிக்கிழமை எனக்கொரு கலியாணம் இருக்கு. எட்டுத் தூணுக்குப் பூ ஒட்ட வேணும். உதவிக்கு ஆளில்லை. கேட்டுப் பாரும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போரில் இருந்து தப்பி வந்தவர்களை வேலைக்குப் பிடிக்கிறாரே என்று நினைத்தேன். நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்ததும் அவரே போய்க் கேட்டார். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் இலக்கணமே சேராத அவருடைய நோர்வேஜிய மொழியும், ஒரு வருடம்கூட ஆகாத அவர்களுடைய நோர்வேஜிய மொழியும் ஒன்றையொன்று நன்றாகவே விளங்கிக்கொண்டன. எட்டுப் பேரும் எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் போய்விட்டார்கள். நிறக்கட்டிகளைப் பெட்டியில் அடுக்கி வைத்தது நான்தான்.

அவருடைய சாமான்கள் இருந்தது அடுக்குமாடிக்குக் கீழே, நிலவறையில். படி வாசலில் இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி கைப்பிடியைப் பிடித்தபடி, முகம் வெளிறி, இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. நான் பக்கத்தில் போய் மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள் என்று பாடம் எடுக்கத் தொடங்கினேன். ராசன் அண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே போய், ஒரு தூணைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். பிறகு மற்றத் தூண். பிறகு மேசை. எல்லாவற்றையும் பெரிய யன்னல் உள்ள சைக்கிள் அறைக்கு மாற்றிவிட்டு வேர்த்துப்போய் நின்றார். "நானும் பங்கருக்குள்ளை இருந்தனான். பூ ஒட்டுற இடமில்லை அது" என்று என்னிடம் தமிழில் சொன்னார். அன்று தொடக்கம் வியாழக்கிழமைக் குழு அந்தச் சைக்கிள் அறையில்தான் நடந்தது. சைக்கிள்காரர்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு முறைப்பாடு எழுதினார்கள். அடுத்த கிழமை அவர்களில் ஒருவர் வந்து, தானும் பூ ஒட்டலாமா என்று கேட்டார்.

சிரிப்பு வந்ததும் அந்த அறையில்தான். தூணுக்குப் பன்னிரண்டு ரோசாப்பூ என்று அவர் சொல்லியிருந்தார். ஹலீனா பதின்மூன்று ஒட்டினாள். அவர் ஒன்றைக் கழற்றினார். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி பதின்மூன்று. கடைசியில் அவள் விளக்கம் சொன்னாள். அவர்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றையாகத்தான் பூக் கொடுப்பார்களாம். இரட்டைப்படையில் கொண்டுபோனால் அது செத்தவருக்கு. ஒரு கலியாணத்தில் இரட்டைப் பூவை ஒட்ட அவள் கை வராதாம்.

"எங்கடை கலியாணத்திலை எல்லாம் சோடிதான் அம்மா. சோடிதான் மங்களம்" என்று ராசன் அண்ணை தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி, பதின்மூண்டு" என்றார். அப்போது ஹலீனா எட்டுத் தூணையும் பார்த்துவிட்டு, மொத்தம் நூற்று நாலு, அதுவும் இரட்டைதான் என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் பசை வாளி கவிழ்ந்தது. முடிவில் நூற்றைந்தாவதாக இன்னொரு பூவை எடுத்து மணவறையின் பின்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில் ஒட்டினார். லில்லெஸ்ட்ரோமில் நடந்த அந்தக் கலியாணத்துக்கு எட்டுப் பெண்களும் விருந்தாளிகளாகப் போனார்கள். தாங்கள் செய்த மேடையில் இரண்டு பேர் மாலை மாற்றுவதைப் பார்த்து, ஏதோ தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி அழுதார்கள். அதற்குப் பிறகு ராசன் அண்ணை கட்டிய ஒவ்வொரு மணவறையின் பின்னாலும் அந்த ஒற்றைப் பூ இருந்தது. உங்கள் கலியாணப் படங்களில் அது தெரியாது.

இனி என் பிழை.

ஒரு வருடம் கழித்து, குழுவின் வேலைகளைப் பொது மண்டபத்தில் கண்காட்சியாக வைத்தோம். இதற்குள் அவர்கள் தங்கள் விருப்பப்படியும் வரையத் தொடங்கியிருந்தார்கள். அடுப்பு, பூனை, பேருந்துத் தரிப்பு என்று யாரும் சொல்லாமலே வந்த படங்கள். ஒவ்வொருவரும் வீட்டில் இருந்து ஒரு பொருளையும் கொண்டுவந்து தங்கள் படத்தின் பக்கத்தில் வைக்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஹலீனா தன் கணவர் மிக்கோலாவின் படத்தைத் தந்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொன்னாள். அவர் போருக்குப் போனவர் என்று தெரியும். யாரிடமும் எதையும் துருவிக் கேட்பதில்லை என்பது என் குழுவின் விதி. ஆகவே அதற்குமேல் நான் கேட்கவில்லை.

தனி ஆண். பெரிதாக்கிய படம். சட்டம். எங்கள் ஆட்களுக்கு இது ஒன்றைத்தான் சொல்லும். எனக்கும் அதைத்தான் சொன்னது. கண்காட்சி அன்று காலை, ராசன் அண்ணையின் பெட்டியில் இருந்து ஒரு வெள்ளைத் துணிப்பூ மாலையை எடுத்துப் படத்துக்குச் சாத்தினேன். முன்னால் ஒரு சின்ன மின்விளக்கும் வைத்தேன். தள்ளி நின்று பார்த்து, வடிவாக இருக்கிறது என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஹலீனா வந்தாள். மாலையைத் தடவிப் பார்த்தாள். "எவ்வளவு அழகு! இது உங்கள் ஊரில் பெரிய மனிதர்களுக்குப் போடுவதா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுத்தாள். "வந்ததும் காட்டுவேன். ஏழு மாதமாக ஒரு தகவலும் இல்லை. காணவில்லை என்றுதான் கடிதம் வந்தது. வந்ததும் இதைப் பார்த்துச் சிரிப்பார்."

சொல்லவேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை. தேநீர் ஊற்றப் போகிறேன் என்று விலகிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் ராசன் அண்ணை வந்தார். படத்தைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. அடுக்களைக்குள் வந்து, "அந்த மனிசன் செத்தது எண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அவளுக்கு மாலையின்ரை கருத்துத் தெரியாது அண்ணை. சந்தோசமா நிக்கிறாள். பின்னேரம் நான் கழற்றிவிடுறன். விடுங்கோ" என்று கெஞ்சினேன்.

"அவவுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியுமே. அவவைச் சுத்தி நிக்கிற அவ்வளவு தமிழ்ச் சனத்துக்கும் தெரியுமே." அடுக்களைக் கதவைச் சாத்தினார். "தெரியாமல் இருக்கிறது வேறை சுகந்தி, ஒராளைத் தெரியாமல் வைச்சிருக்கிறது வேறை. முதலாவதை நான் முப்பது வருசத்துக்கு மேலை அனுபவிச்சிட்டன். ரெண்டாவதை நான் ஒருத்தருக்கும் செய்யமாட்டன்."

நேரே போய் ஹலீனாவிடம் சொன்னார். இந்த மாலை எங்களில் செத்தவரின் படத்துக்குப் போடுவது, இது என் பிழை, என் பெட்டியில் இருந்த மாலை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்த உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றேன். ஹலீனா மாலையைத் தானே கழற்றி, நாலாக மடித்து மேசையில் வைத்தாள். படத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு வியாழன் அவள் வரவில்லை. தொலைபேசி எடுக்கவில்லை. நான் ராசன் அண்ணையோடு கதைக்கவில்லை. செய்ததெல்லாம் நான், கோபமோ அவர்மேல். ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிய மனிசியை ஒரு நிமிடத்தில் விழுத்திவிட்டாரே என்று வீட்டில் கத்தினேன். நான் சாத்திய மாலை பற்றி மட்டும் வீட்டிலும் சொல்லவில்லை.

ஏழாவது வியாழன் அவர் என் வேலைத்தலத்துக்கு வந்து நின்றார். கையில் துணியால் சுற்றிய ஒரு சட்டம். "வாரும். லில்லெஸ்ட்ரோமுக்குப் போவம்" என்றார். ஹலீனா குடியிருந்தது அங்கேதான்.

ஹலீனா கதவைத் திறந்தாள். உள்ளே விட்டாள். இருக்கச் சொல்லவில்லை. ராசன் அண்ணை நின்றபடியே துணியை அவிழ்த்தார். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெடியனின் படம். சுருட்டை முடி, பெரிய கழுத்துப்பட்டிச் சட்டை. அவருடைய தம்பி ரவி. ஒரு நாள் காலை சைக்கிளில் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. இத்தனை வருடம் பழகியும் அவருக்கு இப்படி ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியாது. ஊரில் உள்ள அத்தனை பேருடைய படத்துக்கும் மாலை சாத்திய மனிதர், இந்தப் படத்துக்கு ஒரு நாளும் மாலை சாத்தவில்லை. பொட்டு வைக்கவில்லை. விளக்கு வைக்கவில்லை. அதைத்தான் அவளிடம் சொல்ல வந்திருந்தார்.

ஹலீனா படத்தைக் கையில் வாங்கினாள். எத்தனை வருடம் என்று கேட்டாள். முப்பத்திரண்டு என்றார். அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த எண் அவளை எப்படி அடித்தது என்று எனக்குத் தெரிந்தது. ஏன் இதைப் போய்ச் சொன்னார் என்று மறுபடியும் எனக்குக் கோபம் வந்தது. அவர் என்னைப் பார்த்து, "நான் நோர்ஸ்க்கிலை சொன்னாப் பிழைச்சுப்போம். நீர் சொல்லும்" என்று தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"முப்பத்திரண்டு வருசம் இருக்க வேணும் எண்டு சொல்லியிருந்தா நானும் அண்டைக்கே விழுந்திருப்பன். ஆரும் சொல்லேல்லை. வாற கிழமை வருவான், வாற கிழமை வருவான் எண்டுதான் ஒவ்வொரு கிழமையும் போனது. அதுக்குள்ளை கலியாணம் கட்டினனான், பிள்ளையளை வளர்த்தனான், ஆயிரம் மணவறை கட்டினனான். சிரிச்சும் இருக்கிறன். அவனுக்குத் துரோகம் செய்யேல்லை. உமக்கு ஆறு கிழமை அழ வேணும் எண்டா அழும். ஏழாவது கிழமை எனக்கு ஆறு தூண் கிடக்கு."

ஹலீனா ரவியின் படத்தை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு அவரைப் பார்த்து, தனக்கு ஒன்று தெரியவேண்டும் என்றாள். மிக்கோலாவின் பிறந்தநாள் வருகிறது. படத்துக்கு முன்னால் பூ வைக்க ஆசை. கடைக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறாள். எத்தனை பூ வாங்குவது?

அவர் யோசிக்கவே இல்லை. "ஒற்றையா வையுங்கோ. ஆரும் வந்து நிச்சயமாச் சொல்லும்வரைக்கும் ஒற்றை."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. மாலையைச் சாத்தியது நான் என்று சொன்னேன். ஹலீனா, "தெரியும். தட்டோடு நின்ற உன் முகத்தைப் பார்த்தேன்" என்றாள்.

மேசையில் ஐந்து துலிப் பூக்கள் இருந்தன. ரவிக்குக் கொடுக்க இரண்டை எடுத்தாள். இரண்டு ஆகாது என்று ஒன்றைத் திரும்ப வைத்தாள். இப்போது சாடியில் நாலு. அதுவும் ஆகாது. மூன்று பேரும் அந்த ஐந்து பூவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எப்படிப் பிரித்தாலும் ஒருவருக்கு இரட்டை வந்துவிடுகிறது. ஹலீனாவுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. பிறகு சாடியில் இருந்து இன்னொன்றை எடுத்து என் கையில் தந்தாள். சாடியில் மூன்று, ரவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அடுத்த வியாழன் அவள் வேலைக்கு வந்தாள்.

போன இலையுதிர் காலத்தில் ராசன் அண்ணைக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. தான் முப்பது வருடம் கட்டில் தள்ளிய அதே நடைபாதையில் தன்னை இன்னொருவர் தள்ளிக்கொண்டு போவதைப் பற்றி, "பெடியன் வளைவிலை சரியாத் திருப்பிறானில்லை" என்று குறை சொன்னார். பெண்கள் முறைவைத்துப் போனார்கள். ஹலீனா பின்னேரங்களில் போய் அவர் கட்டிலடியில் இருந்து கடதாசியில் பூச் செய்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இதழை உள்ளுக்கு மடியும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். மிக்கோலா பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அவருடைய செத்தவீட்டுக்கு மண்டபம் சோடித்தது எங்கள் வியாழக்கிழமைக் குழுதான். பெரிதாக்கிய படத்துக்கு முன்னால் வசந்தி அக்கா மாலையை என் கையில் தந்து, "நீர் போடும்" என்றார். என் கை மாலையைத் தூக்க மறுத்தது. பக்கத்தில் நின்ற ஹலீனா மற்ற நுனியைப் பிடித்தாள். இருவருமாகச் சாத்தினோம்.

ஹலீனா வெள்ளை ரோசாப்பூக்கள் கொண்டுவந்திருந்தாள். பழக்கத்தில் பதினொன்று வாங்கிவிட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் போனவள் நின்றாள். விரலால் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். என்னிடம் திரும்பி வந்து, ஒன்றை உருவி என் கையில் வைத்தாள். பத்துப் பூவோடு திரும்பிப் போய் அவருடைய காலடியில் வைத்துவிட்டு, அப்போதுதான் சத்தமாக அழுதாள்.

சாப்பாடு முடிந்து புறப்படும்போது வசந்தி அக்கா ஒரு பையைத் தந்தார். துணியால் சுற்றிய சட்டம். தொட்டதும் எனக்கு என்ன என்று தெரிந்தது.

"தன்ரை படத்துக்கு மாலை விழும், அதுக்குப் பக்கத்திலை ரவியின்ரை படம் இருக்கக் கூடாது எண்டவர். உம்மட்டைக் குடுக்கச் சொன்னவர்."

"ஏன் அக்கா என்னட்டை?"

அக்கா அழுகைக்குள்ளேயே சிரித்தார். "சுகந்திக்குத்தான் மாலை போடக் கை துருதுருக்கும், போடாமல் இருந்து பழகட்டும் எண்டவர்."

ராசன் அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் படம். வரவேற்பறையில், யன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் எங்கள் ஆட்கள் முதல் பார்வையில், "ஆர் இது? எப்ப செத்தவர்?" என்று கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்கிறேன். ஹலீனா அன்று தந்த வெள்ளை ரோசா வாடும்வரை அதன் முன்னால் இருந்தது. பிறகு வியாழக்கிழமைகளில் குழு முடிந்து வரும்போது ரொம்மன் பூக்கடையில் நானே வாங்கிவருகிறேன். கடைக்காரப் பெண் ஒவ்வொரு முறையும் ஒன்று போதுமா என்று கேட்கிறாள். போதும் என்கிறேன்.